திரைக்கு வெளியே ஓடிய எழுத்து

என் அக்காவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் முதலில் சொன்னவன் நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், மிளகு பார்க்க வந்த வியாபாரியிடம் சொன்னேன். கவலையோடுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கவலைக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அக்காவை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் பாருங்கள் என்கிற பெருமை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. இடையில் ஒரு வேலி, வேலியில் ஒரு சின்ன வழி. அவள் கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தையும், சவுக்கு மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளையும் அன்றிலிருந்து தனியாகவே பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள்.

நான் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் எல்லாம் அதைத் தொடவே பயந்தார்கள். நான்தான் முதலில் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தப் பக்கம் யார் வீட்டில் எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வராமல் போய்விட்டது.

அக்காவுக்கு இரண்டு வருடமாகக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் புரியும். போனில் எதுவும் புரியாது. காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது விசிலடிக்கிறது என்று பீரோவில் வைத்துவிட்டாள். மகளோடு பேசுவது ஏறக்குறைய நின்றே போயிற்று. மகள் அங்கிருந்து கத்துவாள், இவள் இங்கிருந்து "என்ன சாமி? என்ன சாமி?" என்பாள். கடைசியில் இருவரும் அழுதுகொண்டே போனை வைப்பார்கள்.

வீடியோவில் பேசும்போது எதிராளி பேசுவதைக் கம்ப்யூட்டரே கேட்டு, திரையின் அடியில் தமிழில் எழுத்தாக ஓடவிடும் என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். சேலத்துக்குப் போய், கேமராவோடு ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கிவந்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முதலில் என் வீட்டு மானிட்டரில் மாட்டிச் சரிபார்த்துவிட்டு, அக்கா வீட்டு டிவியில் கொண்டுபோய்ப் பொருத்தினேன். அது புரட்டாசி மாதம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் முகம் டிவி முழுக்க வந்தது. அடியில் எழுத்து ஓடியது. அக்கா எட்டாவது வரை படித்தவள், தினமும் பேப்பர் படிக்கிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள்.

"தலைக்கு எண்ண வெச்சியான்னு கேக்கறா பாரு தம்பி! அங்கிருந்து என் தலையப் பாக்கறா!"

அந்தக் கம்ப்யூட்டரில் கிளிக் செய்வதெல்லாம் அக்காவுக்கு வராது என்று நானே முடிவு செய்தேன். அதனால் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அதை இயக்கும்படி அமைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் இங்கே உட்கார்ந்தபடியே அங்கே மகளுக்கு வீடியோ கால் போடுவேன். அக்கா டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும். அவள் டிவிக்குப் போகும் படம் என் மானிட்டரிலும் தெரியும், பேச்சும் கேட்கும். கால் போட்ட பிறகு என் மானிட்டரில் அந்தப் படத்தை மூடிவிட வேண்டியதுதானே முறை? நான் மூட மாட்டேன். எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அம்மாவும் மகளும் பேசுவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் இடி இடித்துக் கரண்ட் போய் வந்தது. அக்கா வீட்டு டிவியில் கேபிள் செருகியிருந்த ஓட்டை அத்தோடு போய்விட்டது. படமே வரவில்லை. பக்கத்திலிருந்த வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். இந்த வடிவத்தை ஏற்க முடியாது என்று டிவி ஒரு வரி காட்டிவிட்டு இருண்டது. எனக்கு அது புதிதல்ல. கம்ப்யூட்டர் அனுப்புகிற படம் அந்த ஓட்டைக்குப் பெரிது, அவ்வளவுதான். என் வீட்டுக்கு ஓடி, அங்கிருந்தபடி ரெசல்யூஷனை ஒரு படி குறைத்துவிட்டு வந்தேன். படம் பளிச்சென்று திரை முழுக்க வந்துவிட்டது. முகம் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. பத்து நிமிட வேலை.

"இப்பப் பாரு, முன்னக்காட்டியும் பெருசாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, மழை வலுப்பதற்குள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். முகம் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில்தான் அக்காவின் பதில்கள் பிசகத் தொடங்கின. மகள் "முட்டி வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பாள். என் மானிட்டரில் அந்தக் கேள்வி அப்படியே எழுத்தாக ஓடும். அக்கா புன்னகையோடு "ஆமா சாமி, இங்கயும் நல்ல மழைதான்" என்பாள். மகள், தன் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருவதாகச் சொல்வாள். அக்கா "சரி சாமி, சாப்புடு" என்பாள். எழுத்து ஓடுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஒரு பிழை இல்லை. அப்படியும் இவள் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு வேறு விளக்கமே தோன்றவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நங்கையா எங்கிட்ட நல்லாத்தானுங்க பேசறாங்க? நேத்துக்கூட எந்தக் கொடில மொளகு முத்தியிருக்குன்னு ஒன்னு ஒன்னா சொன்னாங்களே." என் மனைவி அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"உனக்குத் தெரியாது. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். வந்து வந்து போவும்" என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

தையில் மகளிடமிருந்து ஒரு சந்தோஷச் செய்தி வந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். என் மனைவிக்குப் போன் செய்துதான் முதலில் சொன்னாள். மனைவி வேலியைத் தாண்டி ஓடி, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகச் சொன்னாள். அக்கா களத்தில் காப்பிக் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்படியே கொட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே பீரோவிலிருந்து பழைய நூல் சேலைகளை எடுத்துத் துவைத்துப் போட்டாள், குழந்தைக்குத் துணி கிழிக்க.

மாசியில் ஒரு ஞாயிறு. வழக்கம்போலக் கால் போட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் முகம் வீங்கியிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். என் மானிட்டரில் அடியில் ஓடியது: அம்மா, தங்கலம்மா. போன வாரமே போயிடுச்சு.

அக்கா சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். "நல்லது சாமி. நொம்ப நல்லது. ஒடம்பப் பத்தரமாப் பாத்துக்க. வாய்க்குப் புளிப்பா எதாச்சும் செஞ்சு சாப்புடு" என்றாள்.

மகள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடர்பைத் துண்டித்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது.

"மாமா, நான் சொன்னது அம்மாவுக்குப் புரியலியா? எழுத்து வரலியா?"

அவள் சரியாகத்தான் கேட்டாள். முதல் கேள்வியே அதுதான்.

"எழுத்து வந்துச்சு கண்ணு. நான் பாத்தேன்" என்றேன். "உங்கம்மாவுக்கு இப்பல்லாம் இப்படித்தான். நானே உங்கிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். நீ மனசுல வெச்சுக்காத."

அவள் அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது. குழந்தைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு அழுகை. இரண்டாவதை நான் கொடுத்தேன்.

அக்காவிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். சொன்னாலும் மறந்துவிடுவாள், எதற்கு வீணாக வேதனை என்று மனைவியிடம் சொல்லி வாயை அடைத்தேன். அக்கா துணி கிழித்து, ஓரம் தைத்து, மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். மகளே வாய்விட்டுச் சொன்ன பிறகும் இப்படிச் செய்கிறாளே என்று, அதையும் நான் நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாக எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. காப்பி மூட்டை வைத்திருக்கும் அறையின் சாவியை அவள் வீட்டு ஆணியிலிருந்து எடுத்துவந்துவிட்டேன். மிளகு வியாபாரியிடம் இனிமேல் என்னிடம்தான் பேச வேண்டும் என்று சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவாள் என்று சொல்லி, கேஸ் சிலிண்டரைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு தடவைகூட அவள் அப்படி மறந்ததில்லை. மூன்று வேளையும் மனைவி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது அக்கா வாசலில் நின்று, "எனக்கு அடுப்புப் பத்த வெக்கத் தெரியாதா தம்பி?" என்றாள். பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்து, "பாத்தியா, சொன்னா ஏறாது" என்றேன். அவள் எதிரிலேயே சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்ற தைரியம். என் வாயையும் முகத்தையும் பார்த்துத்தான் அவள் இரண்டு வருடமாக எல்லோரையும் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

பங்குனி முதல் வாரம் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா சின்ன வயதுக்காரர். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "பாருங்க டாக்டர், இப்படித்தான்" என்றேன். டாக்டர் என்னைக் கொஞ்சம் அலுப்போடு பார்த்தார்.

"காது கேக்காதவங்ககிட்ட இதைச் சோதிக்க முடியாதுங்க. முதல்ல காதைச் சரியாப் பாருங்க. மெஷினைப் போட்டுப் பழக்கிட்டு அப்புறம் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மலைமேல் வரும் பஸ்ஸில், இந்த டாக்டருக்கு அனுபவம் போதாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். காதுக்குத்தான் நான் ஏற்கெனவே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டேனே! அக்கா சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏற்காடு வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. கம்பத்திலிருந்து வரும் ஒயரில் கிளை விழுந்திருந்தது. மகளிடம் நான் தனியாகப் பேச வேண்டியிருந்தது. அம்மாவை இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் விஷயம். அக்கா மனைவியோடு மேட்டுத் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிடலாம் என்று போனேன். கம்ப்யூட்டருக்கு ஒரு மவுஸை எடுத்துப்போய்ச் செருகினேன். அக்கா எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, மகளுக்குக் கால் போட்டேன்.

மகள் வந்தாள். "சொல்லுங்க மாமா" என்றாள்.

நான் திரையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பேசினாள். உதடு அசைந்தது, சத்தம் வந்தது, எழுத்து வரவில்லை.

எழுத்தை நான் அணைத்துவிட்டேனோ என்று பார்க்க மவுஸைக் கீழே நகர்த்தினேன். அம்பு திரையின் அடியில் மறைந்துபோனது. இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது, திரைக்கு வெளியே. மூலையில் மணி காட்டும் எண்களைத் தேடினேன். அதுவும் இல்லை. மகளின் படத்தைச் சுருக்கினேன்; பின்னால் இடது ஓரத்திலிருந்த ஒவ்வொரு ஐகானின் பெயரிலும் முதல் எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"மாமா? கேக்குதுங்களா?" என்றாள் மகள்.

"நான் அப்புறம் கூப்படறேன் கண்ணு" என்று துண்டித்தேன்.

குறைந்த ரெசல்யூஷனில் படம் அனுப்பினால் சில டிவிகள் அதைப் பழைய டிவி நிகழ்ச்சி போல எடுத்துக்கொண்டு, நான்கு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டி, மிச்சத்தை இழுத்துத் திரையை நிரப்பும். முகம் பெரிதாகத் தெரிந்தது அதனால்தான். வெட்டுப்பட்ட அடி ஓரத்தில்தான் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அனுப்பிய முழுப் படத்தையும் என் மானிட்டர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் டிவி அவளுக்கு அதைக் காட்டவே இல்லை. நான்கு மாதம். கார்த்திகையில் அந்த ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தவன் நான்.

உடனே சரிசெய்யப் பார்த்தேன். பழைய ரெசல்யூஷனையே வைத்தேன். திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே பழைய நிலைக்குத் திரும்பியது. வேறொன்றை வைத்தேன், படம் நடுவில் தபால் தலை போலச் சுருங்கியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸ் அத்தனையையும் துழாவினேன். ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் போட்டு டிவிக்குப் பின்னால் போய்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில்தான் டிவி ரிமோட்டை எடுத்தேன். அதுவரை அந்த ரிமோட்டை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. மெனுவில் படம், படத்துக்குள் படத்தின் அளவு. அதில் நான்கைந்து பெயர்கள். ஒவ்வொன்றாக அழுத்தினேன். நான்காவதை அழுத்தியதும் படம் நான்கு பக்கமும் சற்று உள்ளே வந்து உட்கார்ந்தது. மூலையில் மணி தெரிந்தது. இவ்வளவுதான். ரிமோட்டில் நான்கு அழுத்தல்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசல்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் மிளகுக் கூடை.

எழுந்து பக்கத்தில் போய் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "அக்கா, எத்தன நாளா எழுத்து வரல?"

"கார்த்திகையிலிருந்து" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

"ஏனக்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனே. வேலிக்கு அந்தாண்ட வந்து சொன்னேன். எழுத்து வரமாட்டீங்குது சாமின்னேன். நீ உள்ள போயி உன்ற பொட்டியப் பாத்துட்டு வந்து, வருது, கண்ணாடியப் போட்டுட்டு ஒழுங்காப் பாருன்னு சொன்ன. ரண்டாந்தடவையும் சொன்னேன். எரிஞ்சு வுழுந்த."

எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலி ஓரம், தூறல், அவள் தலையில் ஒரு சாக்குப்பை. நான் அவசரமாக உள்ளே போய் மானிட்டரைப் பார்த்தது. திரும்பி வந்து சொன்னது. எல்லாம் அப்படியே நினைவுக்கு வந்தது. மறந்தவன் நான்தான்.

"அப்பறம் அவ மூஞ்சியப் பாத்தாப் போதும்னு இருந்துட்டேன்" என்றாள். "அவ சிரிச்சா நானும் சிரிப்பேன். எதோ கேக்கறான்னு தெரிஞ்சா எதோ ஒன்னச் சொல்லுவேன். நீ சத்தம் போடுவ, அவ வருத்தப்படுவா, எதுக்குன்னு."

அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். கூடையை வாங்கிக் கீழே வைத்தேன். எதிரே கட்டிலின் மேல் அடுக்கி வைத்த துணிகள் தெரிந்தன. இனி மறைக்க முடியாது. மகள் மாசியில் சொன்னதைச் சொன்னேன். அவளுக்குப் புரிய இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கா சொன்னா? மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சே, அன்னிக்கா?"

தலையாட்டினேன்.

"நான் சிரிச்சனா தம்பி?"

நான் துணி அடுக்கின் பக்கம் திரும்பினேன்.

"சொல்லு. நான் சிரிச்சனா?"

"சிரிச்சக்கா."

அவள் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மிளகுக் காம்பு நசுங்கிக் கறுத்துப்போயிருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தொட்டேன். மன்னிச்சுக்க அக்கா என்றேன். குனிந்திருந்ததால் அவளுக்கு அது கேட்டிருக்காது. நிமிர்ந்து அதை இன்னொரு முறை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அவளுக்குப் போடு" என்றாள்.

கால் போட்டேன். எழுத்து அடியில் வந்தது. மகள், மாமா என்று தொடங்கியதும் அந்தச் சொல் திரையில் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ போ. உன்ற ஊட்டுல இருந்தும் பாக்காத."

நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

வெளியே வந்து வேலி ஓரத்தில் நின்றேன். அங்கேயும் அவள் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, குரல் மட்டும். அதனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. சிலிண்டரைக் காலால் உருட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். கனமாக இருக்கும், நான் கொண்டுபோகிறேன் என்றேன். அவள் நிற்கவில்லை.

மாலையில் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி ஆணியில் மாட்டினாள். "வெளில போயி வெய்யில்ல கெடக்கற மொளக அள்ளு, மழ வரும்போல இருக்குது" என்றாள். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவள் பேசவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகள் மறுநாள் கூப்பிட்டாள். "எழுத்து வருதான்னு நான் அன்னிக்கே கேட்டேன் மாமா" என்றாள். நான் வருத்தப்படுவதாகச் சொன்னேன். சரிங்க மாமா என்று வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் எனக்குத் தனியாகப் போன் செய்வதில்லை. என் மனைவிக்குத்தான் செய்கிறாள்.

என் கம்ப்யூட்டரிலிருந்து அந்த இணைப்பை எடுத்துவிட்டேன். மவுஸை அக்காவிடமே கொடுத்து, கால் போடுவது எப்படி என்று காட்டினேன். இரண்டு ஞாயிற்றில் கற்றுக்கொண்டாள். கிளிக் செய்வதெல்லாம் அவளுக்கு வராது என்று முடிவு செய்தவன் நான். சித்திரையில் மனைவி அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்து, விசிலடிக்காத மெஷின் ஒன்றை வாங்கிவந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆனால் நான் ஊருக்குள் சொல்லிவைத்தது அப்படியே இருந்தது. ஆட்கள் அக்காவிடம் மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுவதைப்போல இழுத்து இழுத்துப் பேசினார்கள். மிளகு வியாபாரி அவள் சொன்ன பிறகும், "உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க" என்று என்னிடம் வந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். ரேஷன் கடையிலும் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. அது உண்மையில்லை.

வைகாசியில் கிளியூரில் ஒரு கல்யாணம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், "ஏனுங்க, அக்காவுக்கு இப்பத் தேவலைங்களா? பாவம், ஆளே தெரியறதில்லைன்னு சொன்னாங்களே" என்றார். அக்கா எதிர் வரிசையில் என் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலை போட்டுச் சாம்பார் ஊற்றும் நேரம், சுற்றிலும் ஆட்கள், நான் கட்டுரை படிக்கவா முடியும்?

"இப்பப் பரவால்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கூட்டம். அக்காவும் நானும் பின்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏற்காடு தாண்டியதும் அவள் காதில் இருந்த மெஷினைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டு என்னைக் கேட்டாள்.

"எனக்கு எப்பத் தம்பி ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு?"

கோபமே இல்லாத குரல். தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது.

"இல்லக்கா. எப்பவும் இல்ல" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல நினைத்தேன். எஞ்சின் சத்தத்தில் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் காலையில் அந்தக் கிளியூர்க்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அக்காவுக்கு நினைவில் ஒரு குறையும் இருந்ததில்லை, டிவியில் எழுத்து வராமல் போனதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்படீங்களா, சரிங்க, நல்லதுங்க என்றார். பிறகு, "டிவில படம் அப்படிக்கூட வெட்டுப்படுங்களா? எங்க ஊட்டு டிவிலயும் ஓரத்துல என்னமோ தெரியறதில்லீங்க, ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்றார்.

வருகிறேன் என்று சொன்னேன். இன்னும் போகவில்லை.